நான் தூக்கிப் பார்த்த பல்புகள்

ஒரு டிரைவரின் வேலையை நான் பறித்தேன். அதற்கு எனக்கு இரண்டே வாக்கியங்கள் தேவைப்பட்டன. அவற்றையும் தொலைபேசியில், மரியாதையாக, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி சொன்னேன். அந்த மனிதர் ஒரு தவறும் செய்யவில்லை. செய்தவை என் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதுவரை என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே படித்திருப்பீர்கள். அந்த வசதியை நான் போதுமான காலம் அனுபவித்துவிட்டேன்.

நீங்கள் கார் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினைந்து வருஷம் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால், வண்டி ஏன் கெட்டது என்பதை, அது நம்மால் கெடவில்லை என்று முடியும்படி விளக்குகிற வேலை. தேய்த்த சட்டை வேண்டும், பையில் இரண்டு பேனா வேண்டும். என்னிடம் கூடுதலாகப் பௌதிகத்தில் ஒரு பட்டமும் இருந்தது. அதை நான் வெப்பத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தவில்லை. மற்றவர்கள் வாயை மூடப் பயன்படுத்தினேன்.

உங்களுக்கு முதலில் கொடுக்கப்படும் வேலை ஹெட்லைட் பல்பு மாற்றுவதாகத்தான் இருக்கும். "பல்புதானே" என்று சொல்லிக் கொடுப்பார்கள். இந்தத் தொழிலில் இவ்வளவு கேவலமாக நடத்தப்படும் சாமான் வேறு இல்லை. இஞ்சினில் சின்னச் சத்தம் கேட்டால் நாலு பேர் கூடி நின்று காது கொடுப்பார்கள். ஒரே காரில் பல்பு மூன்றாம் முறை போனாலும் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான்காவது பல்பை எடுத்து வருவார்கள்.

வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தோம். முதல் தடவை ரோடு. "பள்ளம் பாத்தீங்கள்ல சார், ஆட்டத்துல இழை அறுந்துடும்." இரண்டாம் தடவை கடல். "உப்புக்காத்து சார், நம்ம ஊரு அப்படி." கடல் நேரில் வந்து விளக்கம் கேட்காது என்பது அதன் பெரிய சௌகரியம். மூன்றாம் தடவை பல்பு செய்த கம்பெனி. நான்காம் தடவைக்கு டிரைவர் இருந்தார். நாங்கள் மட்டும் எந்தத் தடவையிலும் வரமாட்டோம்.

பல்பு உண்மையில் ஏன் போகிறது என்பதை எனக்கு முதலில் காட்டியவர் சாலையோரத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த ஒரு பாய். என் வயதுக்காரர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். பூ மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கும் வேன் ஒன்று எங்களிடம் வந்துகொண்டிருந்தது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தாற்போல் போகும். நான் நாலு தடவை பல்பு மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் தடவை வேன்காரர் எங்களிடம் வரவில்லை. எதேச்சையாக நான் அந்தக் கடைப் பக்கம் போனபோது வேன் அங்கே நின்றது. பாய் பல்பைத் தொடவே இல்லை. இஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள் பதினாறைத் தாண்டிப் போய் நின்றது. கரண்டைக் கட்டுப்படுத்துகிற சாமான் செத்துப்போய், வண்டி பல்புக்கு அளவுக்கு மீறி ஊட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் பாய் சிரித்தார். "வாங்க சார். நாலு பொணம் உங்க கையால எடுத்தீங்களாமே?"

"பொணமா?"

"பல்பு பொணம் சார். பொணத்த மாத்திப் பொணம் வெச்சுகினே இருந்தா எப்படி? எதுல செத்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாவா?"

நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று எனக்கு ஏற்பட்டது அறிவு அல்ல, கோபம். ரோட்டோரத்துக் கடைக்காரர் எனக்குப் பாடம் சொல்வதா? ஆனால் அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. பிறகு ஒரு டாக்ஸிக்காரர், வெளிச்சம் போதவில்லை என்று இரட்டிப்பு வாட் பல்பைத் தானே வாங்கி மாட்டி, ஹோல்டர் உருகி வந்தபோது, "பாத்தீங்களா, எதுல செத்துச்சுன்னு கேக்கணும்" என்று அவரிடம் பாயின் வாக்கியத்தை என் வாக்கியமாகச் சொன்னேன். அடுத்தவர் தவறு என்றால் காரணம் கேட்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

இப்போது மதாம் கதைக்கு வருகிறேன்.

மதாம் என்றுதான் எல்லோரும் அழைத்தோம்; அவர் பதிலுக்கு 'சார்' என்பதைப் பிரெஞ்சில் 'முசியே' என்பார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம், கணவர் இல்லை, எழுபதைத் தாண்டியவர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார். மாதம் ஒருமுறை காரைக்காலில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் காரில் போய்விட்டுப் பொழுது சாய்ந்த பிறகு திரும்புவார். டிரைவர் பெயர் மாசிலாமணி. குருசுக்குப்பத்துக்காரர், நாற்பது வயது. கடலோரத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும் அவருக்கு. அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். "எங்க ஊர்ல மீனே என்னப் பாத்து சிரிக்கும் சார்."

மதாம் காரில் ஹெட்லைட் பல்பு போக ஆரம்பித்தது. ஒரு மாதம் இடது, அடுத்து வலது, மறுபடி இடது. நான் முக்கியமான வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு தனி மரியாதை வைத்திருந்தேன். சாதாரண வண்டி என்றால் எலெக்ட்ரீஷியன் பல்பை எடுத்து மாட்டிவிடுவான். மதாம் வண்டி, டாக்டர் வண்டி, காண்ட்ராக்டர் வண்டி என்றால் நானே வருவேன். டப்பாவைக் கிழித்துப் போடுவேன். பல்பின் கண்ணாடியை இரண்டு விரலால் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே இழையைப் பார்ப்பேன். ஒரு முறை திருப்புவேன். "ம்... நல்ல பீஸ்" என்று தலையாட்டிவிட்டு எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் பதினோரு மணிக்கு டீயும் மெதுவடையும் வரும். வாடிக்கையாளர்களும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். வடையை முடித்துவிட்டு, விரலைச் செய்தித்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, நான் பல்பைத் தூக்குவேன்.

உங்களில் சிலர் இங்கேயே சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. எங்களிடம் ஒரு கண்டுபிடிப்பே இருந்தது: பெரிய மனிதர்கள் காரில்தான் பல்பு அதிகம் போகிறது, ஏனென்றால் அவர்கள் இரவில் அதிகம் போகிறார்கள். மீன் வண்டிக்காரர் விடிய விடிய ஓட்டுகிறாரே, அவர் பல்பு ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவர் பல்பை நான் தூக்கிப் பார்த்ததில்லை.

மூன்றாம் தடவை மாசிலாமணி வந்தபோது, நான் தரையில் எறிந்த டப்பாவைக் குனிந்து எடுத்தார்.

"சார், இதுல ஒரு கைப் படம் போட்டு குறுக்க கோடு அடிச்சிருக்குதே. பல்ப கையால தொடக் கூடாதுன்னுதான?"

டிரைவர்கள் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் பல்பு இருந்தது. பட்டம் வாங்கியவனிடம், எட்டாவது படித்த ஒருவர், எல்லார் முன்னாலும் கேட்கிறார். அழுத்தத்தில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். எனக்குக் கிடைத்த அழுத்தம் இவ்வளவுதான். ஏழெட்டுப் பேரும் ஒரு வடையும்.

"அது சின்னப் பசங்க கையில குடுக்காதீங்கன்னு போட்டிருக்குய்யா" என்றேன்.

பெஞ்சு சிரித்தது. மாசிலாமணியும் சிரித்துவிட்டு டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்காவது பல்பு காரைக்காலிலிருந்து திரும்பும் வழியில் போனது. ஒற்றை விளக்கோடு வருகிற காரை எதிரே வந்த பஸ்காரர் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கிவிட்டார். மாசிலாமணி வண்டியை ரோட்டை விட்டு இறக்கியதால் அவரும் மதாமும் பிழைத்தார்கள். மறுநாள் காலை அவர் ஒர்க்ஷாப்புக்கு வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நீங்க பாத்து குடுக்கற பல்புதான் சார் போவுது. போன வருஷம் நீங்க லீவுல இருந்தப்ப போட்டது எட்டு மாசம் எரிஞ்சுது."

இதுவும் பெஞ்சுக்கு எதிரில்தான். இம்முறை பெஞ்சு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்று மதியம் மதாம் தொலைபேசியில் கூப்பிட்டார். "முசியே, நேத்து நான் செத்திருப்பேன். இந்தக் கார்ல என்ன கோளாறு? எனக்கு ஒரு நேரான பதில் வேணும்."

என்னிடம் அப்போது மூன்று வழிகள் இருந்தன. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டியை ஒரு நாள் விடச் சொல்லி, மீட்டர் வைத்து, எர்த் வயரைப் பார்த்து, லென்ஸுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்து, மாசிலாமணி சொன்னதையும் யோசித்திருக்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

"பல்பு எங்ககிட்டேருந்து போறப்ப நல்லாத்தான் போகுது மதாம். அதுக்கப்புறம் அது எங்க போகுதுன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

திருடன் என்ற சொல் அதில் இல்லை. அந்த வாக்கியங்களின் சாமர்த்தியமே அதுதான். புதுச் சாமானைக் கழற்றி விற்றுவிட்டுப் பழையதை மாட்டுகிறார்கள் என்று டிரைவர்களைப் பற்றி ஊரில் ஏற்கனவே ஒரு பேச்சு உண்டு. நான் கதவைத் திறந்துவிட்டேன், அது தானாக உள்ளே போனது.  மதாம், "புரிஞ்சுது. மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மாசிலாமணியை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு மதாம், "ஒர்க்ஷாப்ல கேளு" என்றாராம். அவர் என்னிடம் வந்து கேட்கவில்லை. பெஞ்சில் பேச்சு எப்படியோ பரவியது. பல்புத் திருடன் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் வேலை கேட்டுப் போனவரை, "விசாரிச்சு சொல்றோம்" என்று அனுப்பினார்கள். புதுச்சேரி சின்ன ஊர். விசாரிக்க அதிக நேரம் ஆகாது.

ஆறு வாரத்தில் மதாம் காரில் பல்பு போனது. புது டிரைவர் கொண்டு வந்தார். மாசிலாமணி இல்லை, ஆனால் பல்பு போயிருக்கிறது. சின்னக் குழந்தைக்கும் இதன் அர்த்தம் புரியும். எனக்கும் புரிந்தது. நான் அந்தப் புது டிரைவரைத் தனியே அழைத்து, "சின்ன விஷயம்ப்பா, இதுக்கெல்லாம் மதாமைத் தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லி, புதுப் பல்பை வழக்கம்போல் தூக்கிப் பார்த்து மாட்டி அனுப்பினேன். முதல் தவறை ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. இதை நிதானமாகச் செய்தேன்.

பிறகு சென்னையில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்தவர் என்னைவிட இருபது வயது இளைய பெண். கையில் துணி உறை மாட்டிக்கொண்டு ஒரு ஹாலஜன் பல்பை அடிப்பாகத்தில் பிடித்தார். எல்லோரையும் பார்த்து, "இத எப்படிப் பிடிப்பீங்க? யாராவது வந்து காட்டுங்க" என்றார். அனுபவஸ்தன் என்பதால் நான் எழுந்து போனேன். கண்ணாடியைப் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடிக் காட்டினேன். அவர் அதை வாங்கி ஹோல்டரில் மாட்டி எரியவிட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் என் விரல் பட்ட இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை கிளம்பியது.

"விரல்ல இருக்கற எண்ணெய் சார். இந்தக் கண்ணாடி அடுப்பு மாதிரி கொதிக்கும். எண்ணெய் பட்ட எடம் மட்டும் தனியா வெந்து வெள்ளையாப் போயிடும். அந்த எடத்துல கண்ணாடி பலம் போயி, சீக்கிரமே பல்பும் போயிடும்" என்றார். பிறகு சாதாரணமாக, "டப்பால படம் போட்டிருக்குமே சார், பாத்ததில்லையா?" என்று கேட்டார்.

"பாத்திருக்கேன்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் என் மேஜையின் கீழ் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். "பாருங்க, இழை எப்படி அறுந்திருக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்காகச் செத்த பல்புகளை அதில் சேர்த்து வைத்திருந்தேன். பெரிய மனிதர்கள் கார் பல்புகள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, அதற்கு நேர் எதிரில் இன்னொரு திட்டு. ஒன்றை எடுத்து என் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. எதில் செத்தது என்று பாய் கேட்கச் சொன்னாரே, இதோ பதில். அத்தனைக்கும் என் கையெழுத்து.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தவறு தெரிந்தவுடன் நான் திருந்திவிட்டேன். கண்ணாடியைத் தொடுவதை நிறுத்தினேன். எலெக்ட்ரீஷியனுக்குத் துணி உறை வாங்கிக் கொடுத்தேன். மதாம் காரில் பல்பு போவது நின்றது. ஒரு மாதம், மூன்று மாதம், ஏழு மாதம் ஆகியும் போகவில்லை. ஒருநாள் மதாம் கூப்பிட்டார்.

"முசியே, உங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க சொன்னது சரியாப் போச்சு. அவன் போனப்புறம் பல்பு போகவே இல்ல."

திருட்டுப் பட்டத்தின் மேல் நானே முத்திரை குத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காமல் வேலையை மட்டும் திருத்திக்கொண்டால் அதற்கான பழி எங்கே போய்ச் சேரும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. தொலைபேசி கையில் இருக்கிறது. மதாம் மறுமுனையில் காத்திருக்கிறார். நாலு வார்த்தை சொன்னால் போதும்.

"பரவால்ல மதாம்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை பார்த்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, "நேர்மையின் சிகரம்" என்று யாரோ பேச, ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்றவனுக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். காலையில் கடற்கரையில் வடக்குப் பக்கமாக நடந்தேன். ஒருநாள் குருசுக்குப்பம் வரை போய்விட்டேன். படகு ஒன்று கரைக்கு வந்திருந்தது. வலையை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், மணலில் மல்லாந்து கிடந்த ஆளைப் பார்த்து, "யோவ் மச்சான், எழுந்திரு. மீனுக்கெல்லாம் சோறு போட்டுட்டு வந்து படுத்துகினு கீறியே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். கிடந்தவர் மாசிலாமணி. உதடு வெளுத்து, சட்டையெல்லாம் வாந்தி. வேறு வேலை கிடைக்காமல் மைத்துனர் படகில் போகிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பி நடந்தேன். அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்ற எனக்கு வெகு நேரம் ஆனது.

இரண்டு நாள் கழித்து வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா சார், பல்பு குடுக்க வந்தீங்களா? எங்க வூட்ல ஏற்கனவே எரியுது."

மாசிலாமணி உள்ளேயிருந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். விரல், எண்ணெய், வெள்ளைத் திட்டு, தொலைபேசி, நன்றி, எல்லாவற்றையும். "உங்க மேல தப்பே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி" என்று முடித்தேன்.

"என்னா சார், திடீர்னு நீங்க, வாங்கன்னு பேசறீங்க" என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "எம் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும் சார். எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்லிகினு இருக்கீங்க. தெரியாதவங்க இருக்காங்க பாருங்க, அங்க போய் சொல்லுங்க."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"மொதல்ல அங்க போய்ட்டு வாங்க" என்றார்.

மதாம் வீட்டுக்குப் பிஸ்கட் டின்னோடு போனேன். அவர் ஒரு பல்பை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு திட்டையும் பார்த்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"நான் உங்களுக்கு ஒரு நன்றி சொன்னேன்" என்றார். "அத ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிகிட்டிருந்திருக்கீங்க. அது உங்களோடது இல்ல."

"தெரியும் மதாம்."

"நானும் அவன ஒரு வார்த்தை கேக்கல." இதை என்னிடம் சொல்லவில்லை, பல்பிடம் சொன்னார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு குருசுக்குப்பம் போனார். சந்து குறுகல், கார் உள்ளே நுழையாது. மதாம் இறங்கிக் கம்பை ஊன்றி நடந்தே போய், அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "மாசிலாமணி, நான் தப்புப் பண்ணிட்டேன். திரும்ப வந்துடு" என்றார்.

மாசிலாமணி கைகட்டி நின்றார். "வேணாம் மதாம். இப்ப ஓட்றவருக்கு என்னா சொல்லி அனுப்புவீங்க? அவருக்கும் ஒரு பல்பு கதை சொல்லுவீங்களா?"

மதாம் கம்பை ஊன்றி எழுந்தார். வீட்டுக்குப் போய், மாசிலாமணி நேர்மையானவர், நிறுத்தியது தன் தவறு என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

பாக்கி இருந்தது பெஞ்சு. பதினோரு மணிக்கு, டீ வந்த நேரம் பார்த்து, ஒர்க்ஷாப்புக்குப் போய் டிரைவர்கள் முன்னால் நின்று சொன்னேன். கைதட்டல் எதிர்பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் எதிர்பார்த்தேன்.  காண்ட்ராக்டரின் டிரைவர், டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:

"அது சரி சார். எங்க மொதலாளிகிட்ட என்னப் பத்தி என்னென்ன சொல்லியிருக்கீங்க?"

"எங்க டாக்டர்கிட்ட?" என்றார் இன்னொருவர். "கிளட்ச் போனதுக்கு எம் மேலதான சொன்னீங்க?"

வரிசையாகக் கேட்டார்கள். பதினைந்து வருஷத்தில் எத்தனை பேரைப் பற்றி எத்தனை தொலைபேசியில் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவன், எண்ணிக்கை தெரியாத குற்றங்களோடு திரும்பி வந்தேன். அதில் சிலருக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. நினைவில்லை என்பது உண்மை. நினைவில்லாமல் போனது எனக்குச் சௌகரியம் என்பதும் உண்மை.

பெஞ்சுக்குப் பேச்சைப் பரப்பத் தெரியும். இந்தத் தடவை நல்லதையும் பரப்பியது. சில மாதத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு மாசிலாமணியை எடுத்துக்கொண்டார்கள். மதாம் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் அங்கே காட்டவே இல்லையாம்.

போன மாதம் புது ஆட்களான உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று ஒர்க்ஷாப்பில் என்னை அழைத்தார்கள். நான் போய் நின்றபோது ஒரு வேன் உள்ளே வந்தது. மாசிலாமணி இறங்கினார். வலது ஹெட்லைட் எரியவில்லை. நான் சொல்லாமலே புது எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆறு வருஷப் பல்பு, அதன் ஆயுள் முடிந்து செத்திருக்கிறது. ஸ்டோர்காரர் புது டப்பாவைக் கொண்டு வந்தார். என் கை தானாக நீண்டது. பதினைந்து வருஷப் பழக்கம். அதற்கு என் வருத்தமெல்லாம் தெரியாது.

"சார்" என்றார் மாசிலாமணி. 

கையை இழுத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் டப்பாவை வாங்கினார், கிழிக்காமல் மூடியைத் திறந்தார். கைக்குட்டையை விரலில் சுற்றி, அடிப்பாகத்தைப் பிடித்துப் பல்பை எடுத்து, தானே மாட்டினார். உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். எரிந்தது.

அன்று கேட்ட மன்னிப்பை மறுபடி கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் என்னிடம் வந்து, காலி டப்பாவை நீட்டினார்.

"இத நீங்க வெச்சிக்கோங்க சார். படம் இருக்குது."

வேன் கிளம்பிப் போயிற்று. நான் உங்களிடம் பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்த டப்பாவை உங்கள் வரிசையில் முதல் ஆளிடம் கொடுத்து, ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னேன். கடைசியில் அது என்னிடம் திரும்பி வந்தது. இதை எழுதும்போது மேஜையில்தான் இருக்கிறது.